கடப்பாரையும் கற்பூரமும்

திருமலையில் வேங்கடவனைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், மகாதுவாரத்தைக் கடக்கும்போது சுவரில் ஓர் இரும்புக் கடப்பாரை மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கூட்ட நெரிசலில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அனந்தாழ்வானின் கடப்பாரை என்று போற்றப்படும் அந்த இரும்பு, 'நான்' என்பதன் இயல்பைப் பற்றி ஆழ்ந்ததோர் உபதேசத்தைத் தாங்கி நிற்கிறது.

திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருளுரைத்துக் கொண்டிருந்த ஸ்ரீ ராமானுஜர், திருமலையில் தங்கி எம்பெருமானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் முன்வருவர் என்று சீடர்களைக் கேட்டார். காடும் குளிரும் சூழ்ந்த மலை அது. அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். மலைமேல் நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டிக் குளம் வெட்டத் தொடங்கினார். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த மனைவியார் கூடையில் சுமந்து சென்று கொட்டினார். அம்மையாரின் சிரமத்தைக் கண்ட சிறுவன் ஒருவன் கூடையை வாங்கிச் சுமந்தான். அனந்தாழ்வான் அவனைத் தடுத்தார். அவனோ அவர் அறியாதபடி மீண்டும் உதவினான். சினங்கொண்ட அவர் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடி மறைந்தான். பின்னர் கருவறையில் பெருமானின் திருமோவாயில் குருதி கசிந்தது. அதைக் கண்டு கலங்கியவர்கள் பச்சைக் கற்பூரத்தை அப்பினர். இன்றும் அங்கே கற்பூரம் சாத்தப்படுவது இதன் நினைவாகவே என்பது வைணவ மரபு.

அனந்தாழ்வான் ஊரைத் துறந்தவர், சுகத்தைத் துறந்தவர். குருவின் வாக்கே அவருக்கு வேதம். அத்தகைய பெரியவரிடமும் ஒரு பற்று எஞ்சியிருந்தது. 'இந்தத் தொண்டு என்னுடையது, இதில் பிறருக்குப் பங்கில்லை' என்பதே அது. யாருக்காகத் தொண்டு நடந்ததோ, அவர் மீதே அந்தப் பற்று ஆயுதமாய்ப் பாய்ந்தது. பெரியோரின் வரலாறு அவர்களைக் குறை காண்பதற்கன்று. நம்மை நாம் காண்பதற்கே.

மேலைநாட்டு உளவியலும் நெடுந்தூரம் நடந்து இவ்விடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1890-இல் வெளிவந்த தமது நூலில் வில்லியம் ஜேம்ஸ், ஒருவன் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ளும் அனைத்தின் தொகுதியே அவனுடைய 'தான்' என்று விளக்கினார். உடல், உடை, வீடு, குடும்பம், புகழ் அனைத்தும் அதில் அடக்கம். நம் முன்னோர் மமகாரம் என்று சொன்னது இதைத்தான். 1943-இல் மனிதத் தேவைகளைப் படிநிலைகளாக வகுத்த ஆபிரகாம் மாஸ்லோ, தன்னுள் உறங்கும் ஆற்றல்களை மலரச் செய்வதை உச்சியில் வைத்தார். தம் இறுதி ஆண்டுகளில் அதுவும் போதாது எனக் கண்டு, தன்னைக் கடத்தலை அதற்கும் மேலே வைத்தார். இவ்வாறு தோன்றிய 'டிரான்ஸ்பர்சனல்' உளவியலுக்கு 1969-இல் தனி ஆய்விதழும் தொடங்கியது. மறு ஆண்டே மாஸ்லோ மறைந்தார்.

ஆயினும் அத்துறைக்குள்ளேயே சில ஐயங்கள் எழுந்தன. 'தான்' இன்னும் உருவாகாத குழந்தையின் நிலையையும், அதைக் கடந்த ஞானியின் நிலையையும் ஒன்றாகக் கருதலாகாது என்று கென் வில்பர் எச்சரித்தார். 2002-இல் ஜார்ஜ் ஃபெரர், ஆன்மிகத்தைத் தனிமனிதனின் அக அனுபவமாக மட்டும் கருதுவது, அந்த அனுபவத்தையே அகந்தைக்கு உணவாக்கிவிடும் என்று சுட்டிக்காட்டினார். பொருளைச் சேர்த்த அதே மனம் பின்னர் தியான அனுபவங்களைச் சேர்க்கத் தொடங்குகிறது. உடைமை மாறியதே தவிர, உடையவன் மாறவில்லை.

அப்படியானால் கடக்க வேண்டியது எது? 'நான்' என்ற உணர்வே மித்தியை என்கிறது அத்வைதம். 'நான்' என்று ஒளிர்வதே ஆத்மா. உடலை 'நான்' எனக் கொள்ளும் மயக்கமே அகங்காரம் என்பது ராமானுஜரின் சித்தாந்தம். அந்த ஆத்மா தனக்குத் தானே உரியதன்று. இறைவனுக்கே உரிய உடைமை. இதையே சேஷத்துவம் என்பர். தத்துவத்தில் இவ்விரு நெறிகளும் வேறுபடலாம். எனினும், 'எனது' என்று உரிமை கொண்டாடுபவனுக்கு இரண்டிலும் இடமில்லை.

திருமலையிலிருந்து சற்றுத் தொலைவில் திருக்காளத்தி உள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்விரு தலங்களும் இன்று திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ளன. அங்கும் இறைவன் திருமேனியிலிருந்து குருதி வழிந்த வரலாறு உண்டு. கண்ணப்பர் அறியாச் சிறுவர் அல்லர். வில்லில் வல்லவர், தந்தைக்குப் பின் வேடர் தலைமையை ஏற்றவர். காளத்தியப்பரின் கண்ணில் குருதி கண்டதும், தம் கண்ணை அகழ்ந்து அப்பினார். மறு கண்ணிலும் குருதி பெருக, அடையாளத்திற்குத் தம் காலை ஊன்றி, மற்றொரு கண்ணையும் அகழத் துணிந்தார். 'நான் தருகிறேன்' என்ற நினைவு அப்போது அவரிடம் இல்லை. வலிப்பது அவருக்கு, துடைக்க வேண்டும் என்ற தவிப்பு மட்டுமே இருந்தது.

அன்பர்களே! திருமலையில் முடி காணிக்கை செலுத்துகிறோம். அது மீண்டும் வளர்ந்துவிடும். அகந்தையும் அவ்வாறே வளரும் இயல்புடையது. தொண்டர்களாகிய நம்மிடம் அது தொண்டின் வடிவிலேயே முளைக்கும். நாம் செய்துவந்த பணியை இளையவர் ஒருவர் நம்மினும் நன்றாகச் செய்யும்போது மனம் குளிர்கிறதா, சுருங்குகிறதா? விழா அழைப்பிதழில் நம் பெயர் விடுபட்டால் அன்றைய பூஜையில் மனம் எங்கே நிற்கிறது? தியானத்தில் கண்டதைப் பிறரிடம் சொல்லத் துடிக்கும் நாக்கு, வீட்டிலுள்ளோரின் களைப்பைக் கேட்டறிகிறதா? உறங்கும்முன் இம்மூன்று வினாக்களையும் நம்மையே கேட்டுக்கொள்வோம். விடை உவப்பாக இல்லையெனில் சோர்வடைய வேண்டியதில்லை. காயம் செய்த அதே அடியாரை ஏற்றுக்கொண்டு, அவருடைய நந்தவனத்து மலர்களைச் சூடிக்கொண்ட பெருமான் நம்மையும் தள்ளமாட்டான்.

கூடையைச் சுமக்க முன்வரும் கரம் எதுவாயினும், அதை அவன் கரமாகவே கண்டு வழிவிடும் மனத்தை வேங்கடவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.