போகமாட்டேன் என்ற சீடர்

தாம்பரத்தில் குடியிருப்பவனுக்கு ஆயுளில் ஒரு பகுதி மின்சார ரயிலில்தான் கழிகிறது. பழவந்தாங்கல் தாண்டியதும் பரங்கிமலை கண்ணில் படும். முந்நூறு அடி உயரந்தான். ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தவர்கள் அதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதன் உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய சிறிய கோயில் இருக்கிறது. இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமையார் கி.பி. 72-இல் இந்த மலையில்தான் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. சரித்திர ஆசிரியர்கள் இதில் ஒருமனப்படவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் மனத்தைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அவர் இந்தியாவுக்குப் புறப்பட்ட விதத்தைப் பற்றி, மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டுப் பக்கம் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ என்ற நூல் சொல்லும் கதை அது.

சீடர்கள் உலகத்தைப் பங்கிட்டுச் சீட்டுப் போட்டார்களாம். தோமையாருக்கு இந்தியா விழுந்தது. “என் உடம்பு அதற்குத் தாங்காது. நான் எபிரேயன், அந்த ஜனங்களிடம் போய் என்ன பேசுவேன்?” என்று மறுத்துவிட்டார். இரவில் ஆண்டவரே தோன்றித் தைரியம் சொன்னார். அப்பொழுதும், “வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்பும், அங்கே மட்டும் வேண்டாம்” என்றார் சீடர். அந்தச் சமயத்தில், கொந்தபர் என்ற இந்திய அரசனுக்குத் தச்சன் தேடி ஒரு வியாபாரி வந்திருந்தான். ஆண்டவர் தம் சீடரை அவனுக்கு அடிமையாக விற்றுவிட்டார்! “இவர் உன் எஜமானரா?” என்று வியாபாரி கேட்டான். “ஆம்” என்பதைத் தவிர தோமையார் வேறு என்ன சொல்ல முடியும்? மறுநாள் கப்பலேறியபோது அவர் கையில் இருந்தது, தம்மை விற்ற பணம் ஒன்றுதான்.

சிறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: கடவுளிடம் அன்பு இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, அவர் சொன்னதைச் செய்துகாட்ட வேண்டும். அப்படியானால், விற்கப்பட்டுப் போன அடிமையின் கீழ்ப்படிதலில் அன்பு எங்கே இருக்கிறது? பிரம்புக்குப் பயந்து பாடம் ஒப்பிக்கும் பையனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

கதையின் பிற்பகுதி இதற்குப் பதில் சொல்கிறது. அரண்மனை கட்டச் சொல்லி அரசன் பொன்னும் வெள்ளியும் கொடுத்தான். தோமையார் அவ்வளவையும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்துவிட்டார். ஒரு செங்கல்கூட எழும்பவில்லை. “அரண்மனை எங்கே?” என்று அரசன் கேட்டபோது, “இப்பொழுது தெரியாது, இறந்த பிறகு காண்பீர்” என்றார். சிறைதான் கிடைத்தது.

‘போகமாட்டேன்’ என்று அடம் பிடித்தவர், வந்த இடத்தில் உயிரைப் பணயம் வைத்தது எதனால்? அந்த ஏழைகளைக் கண்ணால் பார்த்ததனால் என்றே எனக்குத் தோன்றுகிறது. கால்கள்தான் முதலில் கீழ்ப்படிந்தன. மனம் பின்னால் வந்து சேர்ந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடவுளுக்குக் கீழ்ப்படிந்த அந்தச் செயல் அரசனுக்குக் கீழ்ப்படியாத செயலாக இருந்தது. கீழ்ப்படிதல் என்ற பெயரில் மனிதர்கள் மனிதர்களை அடக்கிய கதைகள் எல்லா மதத்திலும் உண்டு. ஒரு கட்டளை கடவுளுடையதுதானா என்று பார்க்க எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான்: அதன் செலவு யார் தலையில் விழுகிறது? எளியவன் தலையில் விழுந்தால், அது கடவுளின் கட்டளை அல்ல.

இவ்வளவு தத்துவம் பேசுகிறவன் தன் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். என் தகப்பனார் கடைசிக் காலத்தில் குரோம்பேட்டையில் தம்பி வீட்டில் இருந்தார். என் வீட்டிலிருந்து இரண்டே ஸ்டேஷன். “கண் டாக்டரிடம் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறாயாடா?” என்று கேட்பார். “சரிப்பா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்” என்பேன். தொடர்கதையின் அத்தியாயம் குறுக்கே நிற்கும். அடுத்த ஞாயிறும் ‘சரிப்பா’தான். தம்பியோ முன்கோபி. “எனக்கு வேறு வேலை கிடையாதா?” என்று சத்தம் போடுவான். ஒரு மணி நேரம் கழித்து வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். அப்பாவின் செருப்பை அவனே எடுத்து வைப்பான்.

ஒருநாள் மாலை அங்கே குடும்ப ஜெபத்தில் என்னை வேதம் வாசிக்கச் சொன்னார்கள். வரிசைப்படி அன்றைக்கு வந்தது, மத்தேயுவின் இருபத்தோராம் அதிகாரம். திராட்சைத் தோட்டத்துக்குப் போகச் சொன்ன தகப்பனுக்கு, ஒரு மகன் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு போனான். மற்றவன் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தான். கணீரென்று வாசித்துக்கொண்டு வந்த என் குரல் நடுவில் கம்மிவிட்டது. தம்பி ஜெபத்துக்கு வரவில்லை. சமையலறையில் அப்பாவின் மாத்திரையைப் பொடி செய்துகொண்டிருந்தான். அப்பா கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பாவிடம் எனக்கு அன்பு இல்லையா? இருந்தது. ஆனால் அது உள்ளே நிரம்பிப் பொங்கி வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருந்தேன். தம்பி காத்திருக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டே போனான். போகப் போக அவன் முணுமுணுப்புக் குறைந்ததை நான் பார்த்தேன்.

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்டேஷனுக்குச் சானடோரியம் என்று பெயர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. பிற்பாடு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடுவதற்கே பலரும் அஞ்சிய காலத்தில், 1993 முதல் அவர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் செய்த இடம். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அன்பு பெருகி வந்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றல் உத்தரவுக்குப் பணிந்து, மனமில்லாமல் வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை, உத்தரவுக்காகத் தொட்டதா, அன்புக்காகத் தொட்டதா என்று எத்தனை நாள் பிரித்துச் சொல்ல முடியும்?

அன்பு இருப்பதற்கு அடையாளம் கீழ்ப்படிதல் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அன்பு வந்து சேரும் வழியும் அதுவே என்று நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். அப்பா இப்பொழுது இல்லை. ரயில் சானடோரியத்தில் நிற்கும்போதெல்லாம், அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியவன் போல எழுந்து நிற்கிறேன், பிறகு உட்கார்ந்துவிடுகிறேன்.