எது தூசி, எது முகம்?

பழைய நெகட்டிவை வீட்டிலேயே ஸ்கேன் செய்பவர்களைத் தடுமாற வைக்கும் வசதி ஒன்று சில ஸ்கேனர்களில் உண்டு: தூசி நீக்கம். கலர் பிலிமில் அது நன்றாகவே வேலை செய்யும். அகச்சிவப்பு ஒளி பிலிமின் சாயத்தைத் தாண்டிப் போய்விடும், தூசியிலும் கீறலிலும் மட்டும் தடைபடும். தடைபட்ட இடத்தை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறத்தால் பூசிவிடும். கறுப்பு வெள்ளை பிலிமில் உருவமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பையும் மறிக்கும். ஆகவே இயந்திரத்தின் கணக்கில் தாத்தாவின் நெற்றியும் வெள்ளை வேட்டியும் அழுக்கு. இது வெறும் இயந்திரக் கோளாறு என்று என்னால் விட முடியவில்லை. நாம் மட்டும் எதை வைத்து அழுக்கு என்கிறோம்?

கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊரிலிருந்து விருத்தாசலம் மாதிரி ஒரு டவுன் ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975இல்தான். முகத்தில் தழும்போடு வந்தவர்கள் அநேகம். தழும்பின் பள்ளம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். கூரான பென்சிலால் அந்தப் புள்ளியை நிரப்பினால் பிரிண்டில் முகம் வழவழப்பாகிவிடும். டச்சிங் என்பார்கள். நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தால், கன்னத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அந்தக் கோடுகள் இன்றும் தெரியும். ஸ்கேனருக்கு அது கறை. உட்கார்ந்தவருக்கோ அதுதான் கேட்டு வாங்கிய முகம்.

வீட்டுப் படத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். பல ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் வெள்ளிக்காக எடைக்குப் போய்விட்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அப்படியொரு கை எட்டாத வீட்டில் டிரங்குப் பெட்டிதான் காப்பகம். அதற்காகப் பூஞ்சையையும் கும்பிட வேண்டியதில்லை. ஸ்டுடியோவை விட்டு வந்த பிறகு ஏறியது அழுக்கு, அதற்கு முன் கை வைத்தது படம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான நெகட்டிவுக்கு இது போதும். காற்றடித்து ஊதி, ஸ்கேன் செய்து, மூலக் கோப்பைத் திருத்தாமல் வைத்துவிடலாம்.

குடும்பப் படத்தில்தான் இந்த விதி இடறுகிறது. யாராவது இறந்துபோனால், மாலை போட்டு மாட்ட அவர் முகத்தை மட்டும் தனியே பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் இருப்பவர்களைச் சிவப்புச் சாயத்தால் மறைத்ததுண்டு. அது படம் எடுத்து எத்தனையோ வருஷம் கழித்து ஏறியது. என் விதிப்படி அழுக்கு. ஈரப்பஞ்சால் துடைத்தால் அடியில் மனைவியின் முகம் கிடைக்கக்கூடும். ஆனால் அவள் கணவனை இழந்ததற்கு அந்தச் சாயமும் ஒரு சாட்சி. முதலில் ஸ்கேன் செய்துவிட்டு அப்புறம் துடைத்தால் இரண்டும் கிடைக்குமே என்பார்கள். கோப்பில் கிடைக்கும், சரி. பெட்டியில் இருக்கும் நெகட்டிவ் ஒன்றுதானே. அதைத் துடைக்கச் சொல்வதா, விடச் சொல்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.