அமைதி யார் கணக்கில்?

நண்பர் ஒருவர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு காரைக்குடிப் பக்கம் குடிவந்துவிட்டார். போன தை மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ''காலையில அஞ்சரைக்கு ரெடியா இருங்க சார். கிராவல் ரைடு போறோம்'' என்றார்.

எனக்குத் தெரிந்த கிராவல் லாரியில் லோடு கணக்கில் வருவது. வீடு கட்டும்போது பள்ளத்தை மேடாக்க அடிப்பது. அதன்மேல் சைக்கிள் ஓட்டுவது தனி விளையாட்டாகிவிட்டது என்பதும், அதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் வருகிறது என்பதும் அன்றுதான் தெரியும். விலையைக் கேட்டேன். என் முதல் வேலையில் ஒரு வருஷ சம்பளம் அவ்வளவு இல்லை.

வெளிநாட்டில் இதற்கு ஒரு கூட்டமே இருக்கிறதாம். ஸ்பெயினின் மேற்கே எக்ஸ்ட்ரமதூரா என்றொரு பகுதி. கண்ணுக்கெட்டிய தூரம் ஓக் மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலம். மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைத் தின்று கொழுக்கும் கறுப்புப் பன்றிகள். நடுநடுவே ஆளரவம் இல்லாத கிராமங்கள். அந்த மண்பாதைகளில் சைக்கிள் மிதிக்கவே விமானம் ஏறி வருகிறார்கள்.

''அதேதான் சார் இங்கயும். ஓக்குக்குப் பதிலா பனைமரம். பன்னிக்குப் பதிலா செம்மறியாடு. மத்தபடி அதே சைலன்ஸ்!'' என்றார் நண்பர்.

கானாடுகாத்தானில் கிளம்பினோம். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவும் வைத்த வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலிய சலவைக்கல், ஆத்தங்குடிப் பூக்கல். பல வீடுகளில் பூட்டுதான் குடியிருக்கிறது. திண்ணையில் ஒரு வாட்ச்மேன், பக்கத்தில் டிரான்சிஸ்டர். கல்யாணம், படைப்பு என்றால் நூறு பேர் வந்து இறங்குவார்கள். நாலாம் நாள் மறுபடி பூட்டு.

ஊரைத் தாண்டியதும் செம்மண். ராத்திரிப் பனியில் நனைந்து இறுகிய மண்ணில் டயர் ஓடும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே இன்னும் பத்து மைல் மிதிக்கலாம். ஒரு கண்மாய், ஒரு அய்யனார், அரிவாளோடு குதிரைமேல் அமர்ந்த கறுப்பர். ஒரு பொட்டலில் கிடை போட்டிருந்த கீதாரி எங்களைப் பார்த்து, ஆடுகள் மிரளாமல் இருக்கக் கையை மட்டும் ஆட்டினார். ஹாரன் இல்லை. ஃபிளக்ஸ் பேனர் இல்லை. என் செல்போனில் சிக்னல்கூட இல்லை. இருபது வருஷமாகச் சென்னையில் தொலைத்த எதுவோ திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்த சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன்.

ஒரு வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்க நின்றோம். நாலு ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா, ''எங்கேருந்து தம்பி வர்றீக?'' என்று கேட்டார். சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ''ரொம்ப அருமையான பாதை ஆத்தா. இப்படியே வச்சுக்குங்க. தார் போட விட்டுடாதீங்க'' என்றேன்.

அவர் என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்தார்.

''நீங்க இங்கனயே இருக்கப் போறீகளா?''

''இல்ல ஆத்தா, ராத்திரி ரயில்.''

''அப்பச் சரி'' என்று ஆட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோபமில்லை. கணக்கு முடிந்தது, அவ்வளவுதான். நண்பர்தான் சமாதானமாகப் பேச்சுக் கொடுத்தார். கொஞ்ச நாள் மினி பஸ் வந்ததாம். பள்ளம் விழுந்ததும் நிறுத்திவிட்டார்களாம். மழை பெய்தால் ஆட்டோ வராது. முட்டி வலி மாத்திரைக்கு மூன்று மைல் நடக்க வேண்டும், அந்த முட்டியோடு. ''பேப்பர்காரவுகதானே, இந்த ரோட்டைப் பத்தி எழுதிப் போடுங்களேன்'' என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் எதிரே பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண், அரசாங்கம் கொடுத்த சைக்கிளில். மண் புதையும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் நாங்கள் தடித்த டயரில் ஜாலியாக ஓட்டிக்கொண்டு போனோம். எங்களைக் கடந்தபிறகு மறுபடி ஏறி மிதித்தாள். அவளுக்கு அது ரைடு அல்ல. ஸ்கூலுக்கு லேட்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் தோன்றிவிடும். ஒரு பக்கம் வரவு இருந்தால் இன்னொரு பக்கம் யாருக்கோ பற்று இருந்தே ஆக வேண்டும். அன்று காலை என் பக்கத்தில் 'அமைதி' என்று பெரிய வரவு. அதை யார் கணக்கில் பற்று எழுதுவது?

அந்த வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டியவை. அவர்கள் உழைப்பும் சிக்கனமும் பொய்யல்ல. ஆனால் 1930-களின் பொருளாதார மந்தத்தில், கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி வயல்கள் செட்டியார்கள் பெயருக்கு வந்தன. வேண்டுமென்று கேட்டு வாங்கியதல்ல. வட்டிக்குக் கொடுத்தவனுக்கு வயல் எதற்கு? 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1948-ல் பர்மா சுதந்திரமடைந்த கையோடு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. வயல் போனது. வீடு மட்டும் இங்கே நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். செட்டியார் வீட்டை நம்பி இருந்த தச்சரும் கொத்தனாரும் சமையல்காரரும் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, நான் ரசித்த அந்த சைலன்ஸ் ஏதோ இயற்கைக் காட்சி அல்ல. ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு போனதன் மிச்சம்.

ஸ்பெயின்காரர்கள் இதற்கு ஒரு நல்ல வார்த்தை வைத்திருக்கிறார்கள். 2019 மார்ச்சில் கிராமத்து ஜனங்கள் மாட்ரிட்டில் திரண்டு, 'காலியாக்கப்பட்ட ஸ்பெயின்' என்று சொல்லி ஊர்வலம் போனார்கள். கவனியுங்கள், 'காலியான' என்று சொல்லவில்லை. ரயிலும் ஆஸ்பத்திரியும் வேலையும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். சைக்கிள்காரர்கள் தேடி வரும் அதே நிசப்தத்தைத்தான் அவர்கள் தொலைத்துக்கட்டப் பார்க்கிறார்கள்.

இது சைக்கிளோடு நிற்கிற விஷயமும் இல்லை. விறகு அடுப்புக் குழம்பின் ருசியைப் பற்றி நாம் எவ்வளவு உருகுகிறோம்! புகையில் இருமிக்கொண்டே ஊதுகுழலை ஊதியது யாரோ.

நண்பரிடம் சொன்னால் சண்டைக்கு வந்தார். ''அப்ப எல்லாத்தையும் இடிச்சு காம்ப்ளெக்ஸ் கட்டிரலாமா?'' என்றார். அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரித்துப்போட்ட வீடுகளின் கதவும் தூணும் எனாமல் வாளியும் அங்கே விலைக்கு நிற்கின்றன. வெளியூர்க்காரன் வந்து ரசித்ததால்தான் சில வீடுகள் ஓட்டலாகிப் பிழைத்தன. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ரசிகனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதே சைக்கிளுக்கு இந்தச் சீமையிலேயே இன்னொரு கதை உண்டு. செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் மிதித்தது பஸ் வராத ஊரிலிருந்து, பஸ்ஸுக்காகக் காத்திருந்த அடிமைத்தனத்திலிருந்து வெளியே போக. நான் மிதித்தது உள்ளே வர.

சரி, அமைதியை விரும்புவதே தப்பா? அப்படியும் நான் நினைக்கவில்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-லிருந்து சரணாலயம். அங்கே கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் தலைமுறைகளாக தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் நாரைகள் பயந்துவிடும் என்று. வனத்துறை மிட்டாய் கொடுத்துப் பாராட்டுகிறது. வெடி கேட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது அவர்கள் பாடு, அவர்கள் முடிவு. யாரும் ரயிலில் வந்து, 'நீங்க வெடிக்காதீங்க, எனக்கு நல்லா இருக்கு' என்று சொல்லவில்லை. நான் அன்று வேப்பமரத்தடியில் அதைத்தான் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதினேன். சாலை வசதி வேண்டி. ஊர்ப்பெயரை இங்கே போடவில்லை, போட்டால் ரோடு வருவதற்கு முன்னால் சைக்கிள்கள் வந்துவிடும். மனுவைக் கூரியரில் நண்பருக்கு அனுப்பி, உள்ளூர்க்காரர் என்ற முறையில் அவரும் கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய்க் கொடுக்கும்படி கேட்டேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. நாலாவது வாரம் போன் செய்தார். மனுவைக் கொடுத்துவிட்டாராம். கையெழுத்து?

''போட்டேன் சார்'' என்றார், கொஞ்சம் கடுப்பாக. ''தார் போடறதுக்குள்ள இன்னொரு தடவை வந்துட்டுப் போங்க.''