காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும்

கேமராவோடு போராட்டக் களத்துக்குப் போகிற தம்பி தங்கைகளே, இன்று எடுத்த படங்களை இன்னும் பதிவேற்றவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

1977இல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. காணாமல்போன பிள்ளைகளைத் தேடி 14 தாய்மார்கள் ஏப்ரல் 30 அன்று புவெனஸ் அய்ரெஸின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியது. அவர்கள் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். சில மாதங்களில் ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். தன் சகோதரனையும் காணவில்லை என்றான். தாய்மார்கள் அவனைப் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார்கள். அவன் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரெடோ அஸ்டிஸ். டிசம்பர் 8 அன்று சாந்தா குரூஸ் தேவாலயத்துக்கு வந்தவர்களில் யார் யாரைத் தூக்க வேண்டும் என்று அவன்தான் அடையாளம் காட்டினான். அந்தச் சில நாட்களில் 12 பேர் கடத்தப்பட்டார்கள். இயக்கத்தைத் தொடங்கிய அசுசேனா வில்லாஃப்ளோர் உட்பட மூன்று அன்னையரும் இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகளும் அதில் அடக்கம். அவர்களை விமானத்திலிருந்து கடலில் வீசினார்கள். அந்த மூன்று அன்னையரின் எலும்புகள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன.

முகங்களை அறிந்துகொள்ள அஸ்டிஸ் மாதக்கணக்கில் வேஷம் போட வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை உங்கள் ஒரு பதிவு நொடியில் முடித்துவிடும்.

ஒரு தூய்மைப் பணியாளர் போராட்டப் பந்தலில் அந்தப் பயத்தைக் கண்ணால் பார்த்தேன். கேமராவைக் கண்டதும் ஓர் அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடினார். “தம்பி, வேணாம்ப்பா. காண்ட்ராக்டர் பாத்தா நாளைக்கு வேலை இல்ல.” எடுத்தவரோ, “நல்லா வந்திருக்கும்மா” என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு தட்டினார். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. நியாயத்தின் பக்கம் நிற்பதாக மனமார நம்புகிறவன்தான். ஆனால் படம் எடுத்தவர் அன்றிரவே வீடு போய்விடுவார். படத்தில் இருப்பவர் அதே தெருவில், அதே மேஸ்திரியின் முன்னால் விடிகாலையில் நிற்க வேண்டும். இதை மறந்து எடுக்கிற எந்தப் படமும் நல்ல படமல்ல.

கேளுங்கள். அவர் மொழியில், அவருக்குப் புரிகிற மாதிரி, இந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் அதற்கு ‘வேண்டாம்’ என்றே அர்த்தம். முகத்தை மறைப்பதென்றால் அரைகுறையாக மங்கலாக்காமல் கறுப்புக் கட்டமே போடுங்கள். போனில் எடுத்த படத்துக்குள் இடமும் நேரமும் ஒளிந்திருக்கலாம், பதிவேற்றும் பிரதியிலிருந்து அதையும் நீக்குங்கள். ஆனால் மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். பத்திரமாக வையுங்கள், ஒருநாள் நீதிமன்றம் கேட்கும். எழுதும்போது ‘பாவப்பட்ட ஜனங்கள்’ என்று இரக்கத்தைக் குழைத்துப் பூசாதீர்கள். அவர் என்ன கூலி கேட்கிறார், எத்தனை மாதம் பாக்கி என்று எழுதுங்கள்.

காட்ட வேண்டிய முகங்களும் உண்டு. அதே அர்ஜென்டினாவில் விக்டர் பாஸ்தெர்ரா என்ற அச்சுத் தொழிலாளியைக் கடற்படையின் ‘எஸ்மா’ வதைமுகாமில் அடைத்து, அதிகாரிகளுக்குப் போலி அடையாள அட்டை தயாரிக்க வைத்தார்கள். சுமார் 5,000 பேர் கொண்டுவரப்பட்டு, பெரும்பாலோர் உயிரோடு திரும்பாத இடம் அது. வதைத்தவர்களின் படங்களை அவர் ரகசியமாக ஒரு பிரதி எடுத்து, உடைக்குள் மறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்தினார். 1985இல் ராணுவத் தலைவர்கள் மீது நடந்த விசாரணையில் அவர் சாட்சி சொன்னபோது அந்த முகங்கள் சபைக்கு வந்தன.

உங்கள் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பட்டும். ஓங்கிய தடியையும் அதைப் பிடித்த கையையும் நெஞ்சிலிருக்கும் பெயர்ப்பட்டையையும் எடுங்கள். பந்தலில் முகத்தை மூடிய அந்த அம்மாவின் படம் உங்களில் யாரிடமாவது இருந்தால், இப்போதே அழித்துவிடுங்கள். அவர் வேலைக்குப் போக விடிகாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார்.