வழிப்போக்கரின் உரிமை

பங்குனி மாதத்து மாலையொன்றில் வல்லக்கோட்டை ஏரிக்கரையில் நம்முடன் நடந்துவந்த மாணவன், நீரோரம் இரை தேடிய மஞ்சள் வாலாட்டியைச் சுட்டி, "ஹஜ்ரத்! இதனால் நமக்கு என்ன பயன்?" என்று கேட்டான். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் என்றோம். அவன் மனம் நிறைந்தது. நம் மனம் நிறையவில்லை. பயனில்லையெனில் கொன்றுவிடலாமா என்று அவன் தொடர்ந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

பயன் கருதிய காவலை இகழ வேண்டியதில்லை. வேடந்தாங்கல் மக்கள், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்டவர்கள். வேட்டைத் துப்பாக்கிகளிலிருந்து அவற்றைக் காக்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். பின்னாளில், பறவைகள் அஞ்சுமென்று பண்டிகைப் பட்டாசையும் துறந்தனர். பயனிலே தொடங்கியது பரிவிலே முதிர்ந்தது எனலாம்.

ஆயின் கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளானை எக்கணக்கில் சேர்ப்பது? சில பத்துக் கிராம் எடையே உள்ள அப்பறவை, வடதுருவத்தை அடுத்த சைபீரிய நிலத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தை இங்குள்ள சேற்றுவெளியிலும் உப்பளங்களிலும் கழிக்கிறது. வசந்தத்தில் புழு பூச்சிகளை உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வடக்கே பறக்கிறது. அது எவர் வயலுக்கும் உரமிடுவதில்லை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) பணியாற்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், அக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்தனர். 1967இல் சரணாலயமான அவ்விடம், 2002இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

முசாபிருக்கு நீர் கொடுப்பவர், அவரால் நமக்கென்ன ஆதாயம் என்று கேட்பதில்லை. அவருடைய தேவையே அவருடைய உரிமை. தங்குமிடங்களில் ஒன்று அழிந்தால் பறவையின் வழியே துண்டிக்கப்படும். அடுத்த நிழலைத் தேடி நடக்கும் மனிதனுக்குள்ள வசதி, கொழுப்புத் தீர்ந்த சிறு பறவைக்கு இல்லையன்றோ?

ஒரகடத்து ஆலைகள் வேண்டாமென்பது நம் கூற்றன்று. அவற்றின் கூலியால் நம் மாணவர் பலரின் வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் பிழைப்பு என்னும் நியாயம், ஏரியைத் தூர்த்து மனை பிரிக்கும் பேராசைக்குப் போர்வையாகிவிடக் கூடாது. பட்டா நம் பெயரில் இருக்கலாம். வானவழிக்குப் பட்டா கொடுத்தவர் யார்?

மறுநாள் வகுப்பில் நம் விடையைத் திருத்திக்கொண்டோம்: "தம்பி, அதனால் நமக்குப் பயன் உண்டு. இல்லாதிருந்தாலும் அது வாழ வேண்டும். அதன் உயிர் நம் பயனுக்கு ஈடாக வைத்த அடைமானம் அன்று."