முன்வரிசையும் பிடித்துவைத்த கூலியும்

யாக்கோபு நிருபம் விசுவாசத்தைச் சோதிக்கும் இடங்களில் ஒன்று சபையின் இருக்கைகள். பொன்மோதிரமும் மினுக்கான உடையும் அணிந்து வருபவருக்கு நல்ல இடம், கந்தை உடுத்திய ஏழைக்கு நிற்கும் இடம் அல்லது பாதபடி அருகே: இரண்டாம் அதிகாரம் காட்டும் இந்தப் பட்சபாதத்தை நிருபம் பாவம் என்றே தீர்க்கிறது. அதற்கு ஆதாரமாக அது எடுக்கும் பிறரன்புக் கட்டளை லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் உள்ளது. நியாய விசாரணையில் முகம் பார்ப்பதையும், கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்வதையும் தடுப்பதும் அதே அதிகாரம்தான்.

தமிழ்நாட்டில் இந்தப் போதனை சாதியோடு மோதியது. தஞ்சாவூர் முதலிய இடங்களின் சீர்திருத்தச் சபைகளில் சாதிவாரியாக அமரும் வழக்கம் இருந்தது. நற்கருணை பெறுவதிலும் முன்பின் பார்க்கப்பட்டது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இவற்றை உடனே முற்றிலும் கைவிடும்படி எழுதினார். பலர் சபையைவிட்டு விலகினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தார். பாடல்களால் தலைமுறைகளின் பக்தியை வளர்த்தவர் இங்கே மறுபக்கம் நின்றது வேதனைக்குரியது. கத்தோலிக்கரிடையிலும் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதித் தடுப்பு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது அகற்றப்பட்டது.

நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பேச்சு சபையிலிருந்து வயலுக்கு நகர்கிறது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கடவுளிடம் கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. ஆகவே, வீட்டுவேலை செய்பவரின் சம்பளத்தை இழுத்தடிக்கும் கிறிஸ்தவர் ஞாயிறு ஆராதனையில் அறிக்கையிடும் விசுவாசத்தை அந்தச் சம்பளத்திலேயே மறுத்துவிடுகிறார்.