கடைப் பலகையும் கடவுளின் பலகையும்

மரக்கடையில் அடிக்கணக்கில் விலை பேசி வாங்கிய பலகை எந்தக் கணத்தில் சரக்கு என்ற நிலையை இழக்கிறது? மலேசியாவின் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. மலேசியத் தோட்டக் கோயில்கள் பல பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகத் தொடங்கி, பிறகு சிமெண்டுக்கு மாறியவை.

இப்படிக் கோயிலைப் புதுப்பிக்கும் திருப்பணியின்போது மூலவரின் சக்தியைக் கலசத்துக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றுவது பாலாலயம். குடமுழுக்கில் அச்சக்தி மூலவரிடமே திரும்புகிறது. அப்படியானால் புனிதம் பொருளில் இல்லை, தெய்வத்தை அதில் எழுந்தருளச் செய்யும் ஆவாகனத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் மரபு அவ்வளவு எளிதாக விட்டுவிடுவதில்லை. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை, சிலைக்கு மரம் வெட்டுமுன் அதைப் பூசித்து, அதில் உறையும் உயிர்களை வேறிடம் போக வேண்டச் சொல்கிறது. வெட்டும் முன்பே மரம் வெறும் பொருள் அன்று என்பதே இதன் பொருள். அறுவை ஆலையிலிருந்து வரும் பலகைக்கு இச்சடங்கு ஏது? எல்லா மரமும் ஒன்றல்ல என்பதற்குக் காஞ்சிபுரத்து அத்திவரதரே சான்று: 40 ஆண்டுகள் குளத்தடியில் இருந்து, 1979க்குப் பின் 2019இல் வெளிவந்த அந்த மரத்திருமேனி, தற்காலிக இருப்பிடம் அன்று, வழிபாட்டுக்குரிய பெருமாளேதான்.